'லுக் ஃபார்வர்ட் டு'வுக்குப் பின்னால் ஹியரா, ஹியரிங்கா?

வரைவுத்தாள்:

வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தின் கடைசி வரி. கீழே உள்ள ஐந்தில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது?

1. ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.
2. ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.
3. ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.
4. ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை.
5. லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை.

'டு' வந்தால் அடுத்து வினையின் மூல வடிவம்தான் வர வேண்டும் என்பது பள்ளிக்கூட விதி: டு கோ, டு ஈட், டு ரைட். அதன்படி 1 சரியாக இருக்க வேண்டும். ஆனால் நல்ல ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கடிதங்களில் 2-தான் கண்ணில் படுகிறது. 3-இல் ஏற்கெனவே ஒரு 'இங்' இருக்கிறது. இன்னொன்றைச் சேர்த்தால் ஒரே வாக்கியத்தில் இரண்டு 'இங்' வந்துவிடுமே, அது பிழையில்லையா? எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் ஐந்தையும் சிவப்புக் கோடு போடாமல் விட்டுவிடுகிறது. காரணத்தோடு விளக்கினால் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

உருபுமயக்கம்:

2, 5 சரி. 1, 3, 4 பிழை. காரணத்தைத் தமிழிலிருந்தே பிடித்துவிடலாம். இந்த இடத்தில் இரண்டு மொழிகளும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன.

'கேள்' என்ற வினையிலிருந்து கேட்க, கேட்பது என்று இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'கேட்க' என்பது வினையெச்சம். அதன்மேல் வேற்றுமை உருபு ஏறாது. 'கேட்கவை', 'கேட்கவுக்கு' என்று யாரும் சொல்வதில்லை. 'கேட்பது' தொழிற்பெயர். பெயர் என்பதால் எந்த உருபையும் ஏற்கும்: கேட்பதை, கேட்பதற்கு, கேட்பதால்.

இப்போது 'எதிர்நோக்கு' என்ற வினைக்கு வாருங்கள். 'லுக் ஃபார்வர்ட்' என்பதற்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. நோக்குதலும் இருக்கிறது, எதிர்த்திசையும் இருக்கிறது. 'எதை எதிர்நோக்குகிறீர்கள்?' என்றுதான் கேட்போம். பதிலும் 'ஐ' உருபோடுதான் வரும்: 'உங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்', 'உங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்'. 'சந்திக்க எதிர்நோக்குகிறேன்' என்று எழுதினால் படிக்கும்போதே இடறுகிறது அல்லவா? 'லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதினால் ஆங்கிலத்திலேயே புழங்குபவருக்கும் அதே இடத்தில்தான் இடறும்.

ஆங்கிலத்தில் 'டு' என்ற ஒரே எழுத்துக்கூட்டுக்குள் இரண்டு தனிச்சொற்கள் இருக்கின்றன. ஒன்று வினையெச்சக் குறி. 'வான்ட் டு ஹியர்' என்றால் கேட்க விரும்பு. இன்னொன்று நம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் முன்னிடைச்சொல், அதாவது ப்ரிபொசிஷன். 'கோ டு ஸ்கூல்', 'லிசன் டு மியூசிக்' என்பவற்றில் வருவது அது. 'லுக் ஃபார்வர்ட் டு' என்ற தொடரில் இருப்பது இரண்டாவது வகை. முன்னிடைச்சொல்லுக்கு அடுத்து பெயர்தான் நிற்க முடியும். வினையைக் கொண்டுவந்து நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் அதைப் பெயராக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கான விகுதி 'இங்'. ஹியர் என்றால் கேள், ஹியரிங் என்றால் கேட்டல்.

இரண்டு 'டு'வும் ஒரே உருவத்தில் இருப்பது தற்செயல் அல்ல. பழைய ஆங்கிலத்தில் வினையெச்சக் குறியாக வந்த 'டு'வும் முதலில் முன்னிடைச்சொல்தான். அதற்கு அடுத்து வந்த வினை, பெயரைப் போல வேற்றுமை விகுதி ஏற்று நின்றது. காலப்போக்கில் அந்த விகுதி தேய்ந்து மறைந்தது. மிச்சம் நின்றது மூல வினை மட்டும். அதனால்தான் இன்று வெளித்தோற்றத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடிவதில்லை.

மூன்றாம் வாக்கியத்தில் இரண்டு 'இங்' வருமே என்ற சந்தேகம்: அவை ஒரே வேலையைச் செய்யவில்லை. 'ஆம் லுக்கிங்' என்பதில் உள்ள 'இங்' நிகழ்காலத் தொடர்ச்சியைக் காட்டுகிறது. 'ஹியரிங்' என்பதில் உள்ளது தொழிற்பெயர் விகுதி. ஆகவே 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' முழுக்கச் சரி. இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பதால்தான் 3 போன்ற வாக்கியம் பிறக்கிறது.

காலம் மாறும்போதும் மாறுவது 'லுக்' மட்டுமே. லுக்ட் ஃபார்வர்ட் டு மீட்டிங், ஹேவ் பீன் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங், வில் பி லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங். கடந்த காலம் என்பதற்காக 'டு மெட்' என்று எழுதிவிடக்கூடாது.

மெய்ப்புப்படி:

மேலே உள்ள விளக்கத்தோடு எழுதும் மேசையில் உடனே செய்யக்கூடிய ஒரு சோதனையையும் வைத்துக்கொள்ளுங்கள். 'டு'வுக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் அடித்துவிட்டு 'இட்' என்று ஒரே ஒரு சொல்லைப் போடுங்கள்.

'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்.' வாக்கியம் நிற்கிறது. அப்படியானால் அது முன்னிடைச்சொல். வினை வந்தால் 'இங்' தேவை.

'ஐ வான்ட் டு இட்.' நிற்கவில்லை. அப்படியானால் வினையெச்சக் குறி. மூல வினை போதும்.

எந்தத் தொடரில் சந்தேகம் வந்தாலும் இது கைகொடுக்கும். 'ஐ அப்ஜெக்ட் டு இட்' நிற்கிறது, எனவே 'அப்ஜெக்ட் டு பேயிங்'. 'ஐ அக்ரீட் டு இட்' என்பதும் நிற்கும், ஆனால் வினையோடு வரும்போது 'அக்ரீட் டு பே' என்றுதான் எழுதுகிறோம். சோதனை தவறான விடை தரும் இடம் இது. 'அக்ரீ' போன்ற சில சொற்கள் இரண்டு 'டு'வையும் ஏற்கும் என்பதுதான் காரணம். அவற்றுக்கு அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

மெய்ப்புப் பார்க்கையில் அதிகமாகத் தப்பித்துப் போகும் பிழை வேறு. வொர்க், ஹெல்ப், விசிட், கால், ரிப்ளை ஆகிய சொற்கள் வினையாகவும் வரும், பெயராகவும் வரும். அதனால் 'இங்' விட்டுப்போனாலும் பல வாக்கியங்கள் பார்வைக்குச் சரியாகவே இருக்கும், பொருள் மட்டும் மாறிவிடும்.

'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹெல்பிங் யூ' என்றால் உங்களுக்கு உதவ ஆவலாக இருக்கிறேன் என்று பொருள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ஹெல்ப்' என்றால் உங்கள் உதவி எனக்கு வேண்டும். உதவி போகும் திசையே தலைகீழாகிவிட்டது. 'டு ஹெல்ப் யூ' என்று எழுதினால் இரண்டும் இல்லை, வெறும் பிழை.

'ஐ லுக் ஃபார்வர்ட் டு வொர்க்' என்பது இலக்கணப்படி நிற்கும். வேலைக்குப் போவதில் ஆர்வம் என்று பொருள். அதன் பின்னால் 'வித் யூ' சேர்ந்ததும் அந்த 'வொர்க்' வினையாகவே படிக்கப்படும், வாக்கியம் விழுந்துவிடும். எழுத வேண்டியது 'டு வொர்க்கிங் வித் யூ'.

'மீட்டிங்' இன்னொரு விதம். 'லுக் ஃபார்வர்ட் டு த மீட்டிங்' என்பதில் அது கூட்டம் என்ற பெயர். 'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பதில் சந்திப்பது. முன்னால் 'த' வந்தால் பின்னால் 'யூ' வரக்கூடாது. இரண்டையும் கலந்து 'டு த மீட்டிங் யூ' என்று எழுதுவதும் நடக்கிறது.

முழுக் கோப்பையும் சரிபார்க்கத் தேடல் பெட்டியில் 'ஃபார்வர்ட் டு' என்று கொடுத்து, வந்து நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் அடுத்த சொல்லை மட்டும் பாருங்கள். யுவர், த, எ, அவர் போன்றவை இருந்தால் பெயர் வருகிறது, பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வினை இருந்தால் 'இங்' இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து 'ஃபார்வர்ட்' என்று மட்டும் தேடிப்பாருங்கள். 'டு' விடுபட்ட இடங்கள் அதில்தான் அகப்படும். 'லுக்கிங் ஃபார்வர்ட் யுவர் ரிப்ளை' போன்றவை முதல் தேடலில் சிக்குவதே இல்லை.

எழுத்துச் சோதனை மென்பொருள் ஏன் விட்டுவிடுகிறது என்றால் அது ஒவ்வொரு சொல்லையும் தனியாக அகராதியோடு ஒப்பிடுகிறது. 'ஹியர்' அகராதியில் இருக்கும் சொல்தானே. பக்கத்துச் சொல்லோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது இலக்கணச் சோதனையின் வேலை. அதைத் தனியாக முடுக்கிவிட வேண்டியிருக்கலாம்.

நாலாம்வேற்றுமை:

நான்காம் வாக்கியத்தைப் பற்றி. 'ஃபார்' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்தால் திரும்ப வராது. 'வெயிட் ஃபார்', 'ஹோப் ஃபார்', 'லுக் ஃபார்' மூன்றும் பொருளில் பக்கத்தில் இருப்பவை, மூன்றுக்கும் 'ஃபார்' உண்டு. தமிழிலும் 'பதிலுக்காகக் காத்திருக்கிறேன்' என்கிறோம். அந்த 'ஆக' மனதில் இருக்க, 'ஃபார்' தானாக விழுந்துவிடுகிறது. 'லுக் ஃபார்வர்ட்' என்ற தொடருக்கு 'டு' மட்டுமே.

இதே குழப்பத்தின் மறுபக்கம் 'அவெயிட்'. அதற்கு எந்த முன்னிடைச்சொல்லும் கிடையாது. 'ஐ அவெயிட் யுவர் ரிப்ளை' சரி. 'அவெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை' தவறு. 'வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை' இலக்கணப்படி சரிதான், ஆனால் கடிதத்தின் கடைசி வரியாக வந்தால் 'இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்' என்று பொறுமையிழந்த தொனி கேட்கும்.

'தட்' சேர்த்து எழுதுவதும் கூடாது. 'ஐ லுக் ஃபார்வர்ட் தட் யூ வில் கம்' என்ற அமைப்பே ஆங்கிலத்தில் இல்லை. 'ஐ ஹோப் தட் யூ வில் கம்' என்று வினையை மாற்றலாம். இல்லையென்றால் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் கமிங்' என்று எழுதலாம். 'யுவர்' என்பது சம்பிரதாயமான எழுத்து நடை, 'யூ கமிங்' பேச்சு நடை. இரண்டும் புழக்கத்தில் உண்டு.

வரைவுத்தாள்:

நன்றி. உருபு என்று பார்த்ததும் தெளிந்துவிட்டது. தொடர்ந்து மூன்று கேள்விகள்.

அ. விண்ணப்பத்தில் 'ஐ லுக்' நல்லதா, 'ஐ ஆம் லுக்கிங்' நல்லதா?

ஆ. 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்றால் 'உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்' என்றுதானே பொருள்? சுருக்கமாக இருக்கிறதே.

இ. இனிமேல் 'டு' பார்த்தாலே 'இங்' போட்டுவிடலாமா, வேறு எந்தத் தொடர்களில் இது வரும்?

உருபுமயக்கம்:

அ. இரண்டும் இலக்கணப்படி சரி. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு' கொஞ்சம் விலகி நிற்கும், சம்பிரதாயமானது. முன்பின் தெரியாதவருக்கு எழுதும் விண்ணப்பத்துக்கு அதுதான் பொருத்தம். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு' நெருக்கமானது. ஏற்கெனவே பேசிப் பழகியவருக்கு, நாள் குறித்த சந்திப்புக்கு, நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலுக்கு நன்றாக இருக்கும். எழுவாயை விட்டுவிட்டு 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்று தொடங்கும் உங்கள் ஐந்தாவது வாக்கியம் அலுவலக மின்னஞ்சலில் சகஜம். முதல் விண்ணப்பத்தில் மட்டும் எழுவாயோடு முழு வாக்கியமாக எழுதுங்கள்.

ஆ. இங்கேதான் தமிழ் நம்மை ஏமாற்றுகிறது. 'எதிர்பார்க்கிறேன்' என்ற ஒரே சொல் நம்மிடம் மூன்று வேலை செய்கிறது: ஆவலோடு எதிர்நோக்குதல், நடக்கும் என்று கணித்தல், செய்தாக வேண்டும் என்று கோருதல். ஆங்கிலத்தில் முதல் வேலை 'லுக் ஃபார்வர்ட் டு'வுக்கு. அடுத்த இரண்டும் 'எக்ஸ்பெக்ட்'டுக்கு. 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை பை மண்டே' என்றால் 'திங்கட்கிழமைக்குள் பதில் வந்தாக வேண்டும்' என்ற உத்தரவாகத்தான் படிக்கப்படும். வேலை தரப்போகிறவருக்கு அப்படி எழுதக்கூடாது. 'ஐ எக்ஸ்பெக்ட் ரெயின்' என்றால் மழை வரும் என்ற கணிப்பு மட்டும், மகிழ்ச்சி அதில் இல்லை.

தலைகீழாகவும் கவனம் வேண்டும். 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் மகிழ்ச்சி உள்ளேயே இருக்கிறது. இரங்கல் கடிதத்தில், தேதி தள்ளிப்போனதற்கு வருத்தம் தெரிவிக்கும் கடிதத்தில், மருத்துவ முடிவு பற்றிய வரியில் இதைப் போட்டால் உறுத்தும். புகார்க் கடிதத்தில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் எக்ஸ்பிளனேஷன்' என்றால் சவால் விடுவது போல ஒலிக்கும். அங்கே 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் ஃபார் எ ரிப்ளை' என்று எழுதுங்கள். கேட்கவேண்டியதைக் கேட்டதும் ஆயிற்று, சீண்டியதாகவும் ஆகாது.

இ. வேண்டாம், போடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த விதியைப் புதிதாகக் கற்றவர்கள் அடுத்த வாரமே 'ஐ ஆம் ஹேப்பி டு ஹியரிங்', 'ஐ வுட் லைக் டு மீட்டிங் யூ' என்று எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். 'ஹேப்பி டு', 'லைக் டு', 'ஹோப் டு', 'விஷ் டு', 'பிளான் டு', 'ஏபிள் டு', 'ஈகர் டு' எல்லாவற்றிலும் இருப்பது வினையெச்சக் குறி. மூல வினைதான் வரும். தமிழிலும் 'கேட்க ஆவலாக இருக்கிறேன்' என்று எச்சம்தான் வருகிறது பாருங்கள். 'ஈகர் டு ஹியர்' அதற்கு நேர். ஆனால் இந்தத் தமிழ் ஒப்பீட்டை எல்லாத் தொடருக்கும் நீட்டக்கூடாது. 'எதிர்நோக்கு' தற்செயலாக அழகாகப் பொருந்திவிட்டது, அவ்வளவுதான். மற்ற இடங்களில் மேலே சொன்ன 'இட்' சோதனையை நம்புங்கள்.

'லுக் ஃபார்வர்ட் டு' குடும்பத்தில் எழுத்தில் அடிக்கடி வருபவை: அப்ஜெக்ட் டு, கமிட்டட் டு, டெடிகேட்டட் டு, அகஸ்டம்ட் டு, இன் அடிஷன் டு, வித் எ வ்யூ டு, ரிசார்ட் டு, வென் இட் கம்ஸ் டு. இவற்றுக்கு அடுத்து வினை வந்தால் 'இங்' போடுங்கள். விண்ணப்பத்தில் 'ஐ ஆம் கமிட்டட் டு இம்ப்ரூவிங்', 'இன் அடிஷன் டு மேனேஜிங்' ஆகிய இரண்டும் நிச்சயம் தேவைப்படும்.

'யூஸ்ட் டு' தனிக்கதை. 'ஐ யூஸ்ட் டு ரைட்' என்றால் முன்பு எழுதுவேன், இப்போது இல்லை. இதில் மூல வினை. 'ஐ ஆம் யூஸ்ட் டு ரைட்டிங்' என்றால் எழுதிப் பழக்கப்பட்டவன். இதில் 'இங்'. முன்னால் 'ஆம்', 'இஸ்', 'வாஸ்', 'கெட்' ஏதாவது நிற்கிறதா என்பதுதான் அடையாளம். விண்ணப்பத்தில் 'ஐ யூஸ்ட் டு வொர்க் அண்டர் ப்ரெஷர்' என்று எழுதிவிட்டால், நெருக்கடியில் வேலை செய்வதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னதாகும்.

மெய்ப்புப்படி:

ஒரு சின்ன சேர்க்கை. 'லுக் ஃபார்வர்ட் டு' என்ற எழுத்துவரிசைக்குப் பின் மூல வினை சரியாக வரும் இடம் ஒன்று உண்டு. 'ஷி லுக்ட் ஃபார்வர்ட் டு சீ த ரோட்.' சாலையைப் பார்ப்பதற்காக முன்னால் நோக்கினாள். இங்கே 'லுக்ட் ஃபார்வர்ட்' என்பது கண் செய்யும் வேலை, 'டு சீ' அதன் நோக்கம். கடிதத்தில் இது வராது. கதை, பயணக் கட்டுரை திருத்துபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'சீயிங்' என்று மாற்றிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

'லுக்கிங் ஃபார்வர்ட்' என்று தொடங்கி, காற்புள்ளி போட்டு, அடுத்து வாக்கியம் வந்தால் அதுவும் வேறு. 'இனிவரும் காலத்தில்' என்று பொருள். அங்கே 'டு' தேவையில்லை. ஆனால் மின்னஞ்சல் முடிவில் 'லுக்கிங் ஃபார்வர்ட்' என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைப்பது பாதியில் நின்றுபோன வாக்கியம். எதை என்று சொல்லவில்லை. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' என்றாவது எழுத வேண்டும்.

அழுத்தம் கொடுக்க 'வெரி' எங்கே போடுவது என்பதிலும் தடுமாற்றம் உண்டு. 'லுக்கிங் வெரி ஃபார்வர்ட் டு' என்று நடுவில் செருகக்கூடாது. 'வெரி மச் லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்று முன்னால் வரலாம், 'ரியலி லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்றும் வரலாம். மூன்று சொல்லும் ஒட்டியே இருக்கட்டும்.

'ஃபார்வர்ட்' எழுத்துக்கூட்டிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. நூலின் முன்னுரையைக் குறிக்கும் சொல்லும் கிட்டத்தட்ட இதே ஒலிதான், ஆனால் அதன் முடிவில் 'சொல்' என்று பொருள்படும் 'வேர்ட்' இருக்கும். திசையைக் குறிக்கும் நம் சொல்லின் முடிவு, 'பேக்வர்ட்' என்ற சொல்லின் முடிவைப் போன்றது. இதையும் மென்பொருள் பிடிக்காது, இரண்டுமே அகராதிச் சொற்கள்.

வரைவுத்தாள்:

திருத்தி எழுதிய கடைசிப் பத்தி இது. பார்த்துச் சொல்லுங்கள்.

'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ அண்ட் டிஸ்கஸ் அபவுட் த ப்ராஜெக்ட். ஐ ஆம் ஆல்சோ லுக்கிங் ஃபார்வர்ட் டு பி எ பார்ட் ஆஃப் யுவர் டீம். லுக்கிங் ஃபார்வர்ட் டு லிசனிங் ஃப்ரம் யூ, யுவர்ஸ் சின்சியர்லி.'

உருபுமயக்கம்:

முதல் வாக்கியம். 'டு மீட்டிங்' சரியாக வந்துவிட்டது, ஆனால் 'அண்ட்' தாண்டியதும் 'டிஸ்கஸ்' மூல வடிவுக்கு நழுவிவிட்டது. ஒரே 'டு'தான் இரண்டு வினைகளையும் தாங்குகிறது. தமிழில் 'சந்திப்பதையும் விவாதிப்பதையும்' என்று இரண்டிலும் 'ஐ' வருவது போல இரண்டிலும் 'இங்' வேண்டும்: 'டு மீட்டிங் யூ அண்ட் டிஸ்கஸிங்'. வினைகளுக்கு நடுவே சொற்கள் கூடக்கூட இந்த நழுவல் அதிகமாகும். 'டிஸ்கஸ்' என்ற வினைக்கு 'அபவுட்' தேவையில்லை, நேரடியாக 'டிஸ்கஸிங் த ப்ராஜெக்ட்'. 'டிஸ்கஷன்' என்ற பெயருக்குத்தான் 'அபவுட்'.

இரண்டாவது. 'டு பி' என்பதுதான் விண்ணப்பங்களில் அதிகம் தப்பும் இடம். 'பி' என்ற சொல்லும் வினைதான் என்பது மறந்துபோகிறது. 'டு பீயிங் பார்ட் ஆஃப் யுவர் டீம்' என்று வர வேண்டும். 'டு பீயிங் ஏபிள் டு கான்ட்ரிப்யூட்' என்று எழுத நேர்ந்தால் முதல் 'டு'வுக்கு 'பீயிங்', இரண்டாவது 'டு'வுக்கு மூல வினை. செயப்பாட்டு வினையிலும் அப்படியே: 'டு பீயிங் இன்டர்வ்யூட்'.

இலக்கணத்தைத் தாண்டி இன்னொன்று. நேர்காணலுக்கே இன்னும் கூப்பிடவில்லை. அதற்குள் குழுவில் சேர்வதை எதிர்நோக்குகிறேன் என்றால், வேலை கிடைத்துவிட்டதாக நீங்களே முடிவு செய்ததாகப் படும். அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது. 'ஹியர் ஃப்ரம்' என்றால் ஒருவரிடமிருந்து தகவல் வருவது. 'லிசன் ஃப்ரம்' என்ற தொடர் கிடையாது. 'லிசன் டு' என்றால் காது கொடுத்துக் கேட்பது. தமிழில் இரண்டுக்கும் 'கேள்' என்பதால் வரும் குழப்பம் இது. 'ஹியரிங் யூ' என்றால் உங்கள் குரலைக் கேட்பது, 'ஹியரிங் அபவுட் யூ' என்றால் உங்களைப் பற்றி வேறொருவர் சொல்லக் கேட்பது. கடிதத்துக்கு 'ஹியரிங் ஃப்ரம் யூ' மட்டுமே.

ஒரே பத்தியில் மூன்று முறை 'லுக் ஃபார்வர்ட்' வந்தால் அதன் கனம் போய்விடும். ஒன்று போதும். இப்படி எழுதலாம்:

'ஐ வுட் வெல்கம் த ஆப்பர்சூனிட்டி டு டிஸ்கஸ் த ப்ராஜெக்ட் வித் யூ. ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.'

'ஆப்பர்சூனிட்டி டு' என்பதில் வினையெச்சக் குறி, அதனால் 'டிஸ்கஸ்'. அடுத்த வாக்கியத்தில் முன்னிடைச்சொல், அதனால் 'ஹியரிங்'. இரண்டு 'டு'வும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாம்வேற்றுமை:

நிறுத்தற்குறியைச் சொல்ல விட்டுவிட்டீர்கள். 'ஹியரிங் ஃப்ரம் யூ' என்ற வரி முழு வாக்கியம். முற்றுப்புள்ளியோடு முடிய வேண்டும். காற்புள்ளி போட்டு 'யுவர்ஸ் சின்சியர்லி'யோடு ஒட்டக் கூடாது. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று தொடங்கி, காற்புள்ளிக்குப் பின் 'ஐ ரிமெய்ன்' என்று முடிக்கும் பழைய கடித நடை ஒன்று இருந்தது. அதில் 'லுக்கிங்' என்பதற்கு 'ஐ' எழுவாயாக இருந்ததால் காற்புள்ளி பொருந்தியது. இப்போது 'ஐ ரிமெய்ன்' போய்விட்டது, காற்புள்ளி மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முற்றுப்புள்ளி வைத்து, ஒரு வரி இடைவெளி விட்டு, தனி வரியில் 'யுவர்ஸ் சின்சியர்லி' எழுதி, அதற்குப் பின் காற்புள்ளி. பிரிட்டிஷ் மரபில் தொடக்கத்தில் பெயர் சொல்லி 'டியர்' போட்டிருந்தால்தான் 'சின்சியர்லி'. 'டியர் சர்' அல்லது 'டியர் மேடம்' என்று தொடங்கியிருந்தால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'. கடிதத்தின் முதல் வரியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

வரைவுத்தாள்:

'டியர் சர் ஆர் மேடம்' என்று இருக்கிறது. 'ஃபெய்த்ஃபுலி' என்று மாற்றி, முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன். தேடல் பெட்டியில் 'ஃபார்வர்ட்' போட்டுப் பார்த்ததில் இரண்டாம் பக்கத்தில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு விசிட் யுவர் ஆஃபீஸ்' என்று இன்னொன்றும் அகப்பட்டது. 'விசிட்டிங்' என்று எழுதும்போது 'டி' எழுத்து இரட்டிக்குமா?

மெய்ப்புப்படி:

இரட்டிக்காது. அழுத்தம் முதல் அசையில் விழுவதால் 'டி' ஒன்றுதான். 'கெட்டிங்', 'பிகின்னிங்' போன்றவற்றில் கடைசி அசையில் அழுத்தம், ஒற்றை உயிரெழுத்துக்குப் பின் ஒற்றை மெய் நிற்கிறது, அதனால் இரட்டிக்கும். 'மீட்டிங்' என்பதில் மெய்யெழுத்துக்கு முன் இரண்டு உயிரெழுத்துகள், அங்கேயும் இரட்டிக்காது. 'ரைட்' என்ற வினையின் இறுதி 'ஈ' மறைந்து 'ரைட்டிங்' ஆகும். அதற்கும் ஒரே 'டி'தான். தமிழில் நாம் இரண்டு 'ட்' போட்டு எழுதுவதைப் பார்த்து ஆங்கிலத்திலும் இரண்டு போட்டுவிடாதீர்கள்.